படத்தில் இல்லாத நாற்காலி

தில்லைநகரில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் ஜெசிந்தாவின் அலுவலகம் இருந்தது. வீடுகளின் உட்புறத்தை வடிவமைப்பது அவர் தொழில். மாலையில் அதையே சிலருக்குச் சொல்லியும் கொடுப்பார். வயது முப்பத்து மூன்றுதான். ஆனால் திருச்சியில் இந்தத் தொழிலுக்கு வருகிற புதியவர்கள் அவரிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் போனதில்லை.

சௌந்தரவல்லி அந்த மாலை வகுப்பில் படித்து முடித்தவர். அவருக்கு நாற்பத்தைந்து வயது. அதனால் ஆசிரியை சீடரை அக்கா என்று கூப்பிட்டார். சீடர் ஆசிரியையை மேடம் என்று கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் ஒன்றும் இல்லை.

அலுவலகத்தில் இரண்டு மேசைகள். வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. இரண்டாவது மேசையில் வேலை பார்த்த பெண் கல்யாணமாகி பெங்களூருக்குப் போய்விட்டாள். அவள் உட்கார்ந்த மர நாற்காலியில் இப்போது ஜெசிந்தாவின் கைப்பை உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தைக் கேட்கத்தான் சௌந்தரவல்லி வந்திருந்தார்.

"போர்ட்ஃபோலியோ கொண்டு வந்தீங்களா அக்கா?"

"கொண்டு வந்திருக்கேன் மேடம்."

கொண்டு வந்ததை அவர் இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் வடிவமைத்த வீடுகளின் படங்கள் அடங்கிய அந்தத் தடித்த ஆல்பத்தில் அவருடைய வாழ்க்கையே இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அவர். கல்யாண வயது அதிலேயே போயிற்று. அவர்கள் காலமான பிறகு வீட்டை விற்றுப் பங்கு பிரித்தார்கள். ஒசூரில் இருக்கிற தம்பி நல்லவன்தான். "எதுக்குக்கா தனியா கிடந்து கஷ்டப்படற? மாடி ரூம் சும்மாதான் கிடக்கு, வந்துடு" என்று வாரம் தவறாமல் போன் செய்வான். மாடி அறை சும்மா கிடந்தது உண்மை. கீழே சமையலறை சும்மா கிடக்கவில்லை என்பதும் சௌந்தரவல்லிக்குத் தெரியும்.

இந்த வேலை கிடைத்தால் வாடகை வீட்டைத் தொடரலாம். கிடைக்காவிட்டால் ஒசூர். வீட்டுக்காரர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்.

ஜெசிந்தா ஆல்பத்தை மெதுவாகப் புரட்டினார். படங்கள் அழகாகவே இருந்தன. சாயங்கால வெயில் விழுகிற கூடம். ஒரு கறையில்லாத சமையல் மேடை. சுருக்கமே இல்லாத படுக்கை விரிப்பு.

"இது யார் வீடு?"

"உறையூர்ல, மெஹருன்னிசா மேடம் வீடு. மாமியார், மாமனார், மூணு பசங்க, எல்லாரும் ஒண்ணா இருக்காங்க."

"எங்க இருக்காங்க? ஒருத்தரையும் காணோமே."

"படம் எடுக்கறப்போ சமையல்கட்டுல நிக்கச் சொல்லிட்டேன் மேடம்."

தொழிலில் அது வழக்கம்தான். வேலை முடிந்து படம் எடுக்கிற நாளில் வீட்டுச் சாமான்களை எல்லாம் வாரிக் குளியலறைக்குள் அடைத்துவிடுவார்கள். மாத்திரை டப்பா, காலண்டர், தண்ணீர் கேன், பையனின் சைக்கிள், எதுவும் கண்ணில் படக்கூடாது. வாடகை வண்டியில் ஒரு தொட்டிச் செடி வந்து இறங்கும். வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே சத்தம் போடாமல் ஓரமாக நிற்பார்கள். படம் முடிந்ததும் செடி வண்டியேறிப் போய்விடும்.

ஜெசிந்தா இன்னொரு வீட்டைத் திருப்பினார். பிறகு முந்தைய வீட்டுக்கே வந்தார். இரண்டிலும் அதே செடி.

"செடி ஊரெல்லாம் சுத்திப் பாத்திருக்கு போல."

சௌந்தரவல்லி தலையைக் குனிந்துகொண்டார். ஜெசிந்தா மறுபடி அடுத்த வீட்டைத் திருப்பினார்.

"இது யார் வீடு?"

"பொன்மலைப் பக்கம், சபாபதி சார் ஃபிளாட். ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவர். பொண்ணு சிட்னில இருந்து போன்லயே பேசி வேலையைக் குடுத்தாங்க. அப்பா தனியா இருக்காரு, அவருக்கு வசதியா இருந்தா போதும்னாங்க."

"இது?"

"இது நிஜ வீடு இல்ல மேடம். கம்ப்யூட்டர்ல நானா வரைஞ்சது. இதுல யாரும் இல்ல."

"அதான் ரொம்ப நிம்மதியா இருக்கு."

ஜெசிந்தா பொன்மலை வீட்டுப் படம் ஒன்றில் விரலை வைத்தார். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி. தலைக்கு மேல் ஒரு விளக்கு.

"இது என்ன?"

"படிக்கிற மூலை மேடம். அமைதியா உக்காந்து வெளிய பாக்கலாம்."

"உறையூர் வீட்லயும் இருக்கே."

"ஆமா மேடம்."

"வரைஞ்ச வீட்லயும் இருக்கு. எல்லாம் வாசலுக்கு முதுகைக் காட்டிட்டு இருக்கு."

சௌந்தரவல்லி அப்போதுதான் அதைக் கவனித்தார்.

"உங்க வீட்ல?" என்றார் ஜெசிந்தா.

"என் வீட்லயும் ஜன்னலோரமா ஒண்ணு இருக்கு."

"ஒண்ணுதானா?"

"நான் ஒரு ஆள்தானே மேடம்."

கீழே யாரோ பல் வலியில் முனகுவது கேட்டது.

"இதுல என்ன குறை மேடம்? சொல்லுங்க, மாத்திடறேன். வெளிச்சம் பத்தலையா? வேற கேமரா வெச்சு எடுக்கணுமா?"

ஜெசிந்தா ஆல்பத்தை மூடித் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"இது இங்க இருக்கட்டும். நீங்க அந்த ரெண்டு வீட்டுக்கும் போய்ட்டு வாங்க. படம் எடுக்காதீங்க. வேலையா வந்தேன்னும் சொல்லாதீங்க."

"பின்ன என்னன்னு சொல்றது?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்னு சொல்லுங்க. உங்களை எங்க உக்கார வெச்சாங்கன்னு சனிக்கிழமை வந்து சொல்லுங்க. போதும்."

சௌந்தரவல்லி படியிறங்கினார். சும்மா பார்த்துவிட்டுப் போக யார் வீட்டுக்காவது கடைசியாக எப்போது போனோம் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் உறையூருக்குப் போனார். கதவு திறந்தே கிடந்தது.

"அய்யோ, நீங்களா! ஒரு போன் பண்ணிருக்கக் கூடாதா? வீடு கிடக்கற கோலத்தைப் பாருங்க" என்று மெஹருன்னிசா ஓடி வந்தார்.

படிக்கிற மூலையைக் காணவில்லை. அதாவது, அது இருந்தது. அதன் மேல் காய்ந்த துணி மலைபோல் குவிந்திருந்தது. விளக்கிலிருந்து ஒரு பள்ளிக்கூட டை தொங்கியது.

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார் மெஹருன்னிசா. "சொல்லப்போனா வீட்லயே ரொம்ப உபயோகமான இடம் அதுதான். கொடியில இருந்து எடுத்ததை எல்லாம் அங்கதான் போடறோம்."

"அங்க யாரும் உக்காரறதில்லையா?"

"யாரு உக்காருவா? எல்லாருக்கும் முதுகைக் காட்டிட்டு ஒருத்தர் போய் அங்க உக்காந்தா, என்ன கோவம்னு மாமா கேப்பாரு."

வீடே சமையலறை வாசலில் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தது. மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சின்னவன் அவர் முதுகில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதினான். மாமியார் நகர்ந்து பாயில் இடம் விட்டு, முறத்தில் கொஞ்சம் பூண்டை இவர் பக்கமாகவும் தள்ளிவிட்டார். சௌந்தரவல்லி கேட்காமலே உரிக்க ஆரம்பித்தார். யாரோ எதற்கோ சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சாப்பிடாமல் விடமாட்டோம் என்றார்கள். சாப்பிட்டார்.

தெருவுக்கு வந்ததும் விரலில் பூண்டு வாசம் இருந்தது. பேச ஆளில்லாமல் நடப்பது அன்றைக்கு மட்டும் புதிதாக வலித்தது.

வெள்ளிக்கிழமை பொன்மலைக்குப் போனார். சபாபதி கதவைத் திறந்து, இவருக்குப் பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"வாங்கம்மா. பொண்ணு அனுப்பிச்சாளா? இன்னும் வேலை பாக்கி இருக்கா?"

"இல்ல சார். சும்மா உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"சும்மாவா?"

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மின்விசிறியைப் போட்டார். அணைத்தார். மறுபடியும் போட்டார்.

"உக்காருங்கம்மா."

கூடத்தில் உட்கார ஒரே ஒரு இடம்தான் இருந்தது. ஜன்னலோரம், சௌந்தரவல்லி போட்ட சாய்வு நாற்காலி.

"நீங்க உக்காருங்க சார், நான் நிக்கறேன்."

"நல்லாருக்கே. வந்தவங்க நிக்கறதா?"

அவர் குளியலறைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்தார். குளிக்கும்போது உட்காருகிற ஸ்டூல். ஈரத்தைத் துண்டால் துடைத்துவிட்டு அதில் உட்கார்ந்தார். சாய்வு நாற்காலி ஜன்னலைப் பார்த்தே இருந்தது. கனமான நாற்காலி, லேசில் திரும்பாது. அதனால் சௌந்தரவல்லி அவருக்கு முதுகைக் காட்டியபடி கழுத்தை வளைத்துப் பேச வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்து வலித்தது. இரண்டு பேருமே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள்.

"உங்க வீட்டம்மா சிட்னில இருந்து எப்ப வர்றாங்க சார்?" ஏதாவது கேட்க வேண்டுமே என்றுதான் அவர் கேட்டார்.

"யாரு, கஸ்தூரியா? பேத்தி பொறந்தப்போ போனா. ஒரு ஆறு மாசம்னுதான் போனா. பேத்தி இப்ப ஸ்கூலுக்குப் போகுது."

"நீங்களும் போலாமே சார்."

"போய்ப் பாத்தேன். அங்க எனக்கு என்ன வேலை? அவளுக்காவது குழந்தை இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே எதிர் ஃபிளாட்டின் சுவர் தெரிந்தது. தன் வீட்டு ஜன்னலிலும் இதே போல ஒரு சுவர்தான் என்று சௌந்தரவல்லி நினைத்துக்கொண்டார்.

"உங்களைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்கம்மா" என்றார் சபாபதி. "வேலை சுத்தமா பண்ணியிருக்கீங்க. வர்றவங்க எல்லாம் பாராட்டுவாங்க. யாரும் வர்றதில்ல, அது வேற விஷயம். ஆனா அந்தப் பழைய வயர் நாற்காலி ரெண்டையும் தூக்கிட்டு இந்த ஒண்ணைப் போட்டீங்க பாருங்க, அன்னிக்கே எனக்கு விளங்கிடுச்சு."

"என்ன சார் விளங்குச்சு?"

"அவ இனிமே வரப் போறதில்லன்னு."

சௌந்தரவல்லி கழுத்து வலியை மறந்து திரும்பினார்.

"அம்மாவும் பொண்ணும் பேசி முடிவு பண்ணிட்டாங்க. என்கிட்ட நேரா சொல்லச் சங்கடம். அதான் உங்ககிட்ட சொல்லி ஒரு நாற்காலியாப் போடச் சொல்லியிருக்காங்கன்னு நினைச்சேன். சரி, அவங்க சங்கடத்தை நாம ஏன் கூட்டணும்னு நானும் கேக்கல."

அப்பாவுக்கு வசதியாக இருந்தால் போதும் என்றுதான் மகள் சொல்லியிருந்தார். நாற்காலியைப் பற்றி அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை.

"சார், அது அவங்க சொன்னதில்ல."

"பின்ன?"

"நானாப் பண்ணது. ரெண்டு நாற்காலி போட்டா... படத்துல அடைசலாத் தெரிஞ்சுது."

"படத்துலயா?"

"ஆமா சார்."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"அப்ப கஸ்தூரிக்கு இந்த நாற்காலி விஷயமே தெரியாதா?"

"தெரியாது சார்."

"அவ ஒண்ணும் முடிவு பண்ணலையா?"

"எனக்குத் தெரியாது சார். ஆனா நாற்காலியை வெச்சு அவங்க உங்களுக்கு எதுவும் சொல்லல. அது சத்தியம்."

சபாபதி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "இதையா நான் இத்தனை நாளா மனசுல வெச்சுப் புழுங்கிட்டு இருந்தேன்" என்றார்.

"அவங்ககிட்ட எப்ப வர்றீங்கன்னு நீங்க கேக்கவே இல்லையா சார்?"

"வரலேன்னு சொல்லிட்டா?"

சௌந்தரவல்லி எழுந்தார்.

"அந்த வயர் நாற்காலி எங்க சார்?"

"மொட்டை மாடில, தண்ணித் தொட்டி பக்கத்துல கிடக்கு. தூக்கிப் போட மனசு வரல."

இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். ஒரு நாற்காலியில் வயர் அறுந்து தொங்கியது. இன்னொன்று புறா எச்சத்தோடு, ஆனால் கெட்டியாக இருந்தது. சௌந்தரவல்லி அதைக் கீழே கொண்டுவந்து சோப்புப் போட்டுக் கழுவினார். சபாபதி துடைத்தார். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து சாய்வு நாற்காலியைத் தள்ளி வாசல் பக்கமாகத் திருப்பினார்கள். அது தரையில் ஒரு கீறல் போட்டது. அதன் எதிரே வயர் நாற்காலியை வைத்தார்கள்.

சபாபதி டீ போட்டுக் கொண்டுவந்தார். சாய்வு நாற்காலியை அவருக்கே விட்டுவிட்டு, வயர் நாற்காலியில் உட்காரப் போனார் சௌந்தரவல்லி.

"இல்லம்மா, நான் இதுல உக்காந்துக்கறேன். இதுதான் எனக்குப் பழக்கம். கஸ்தூரி எதிர்ல உக்காருவா."

எதிரே சௌந்தரவல்லி உட்கார்ந்தார். டீயில் சர்க்கரை அதிகமாக இருந்தது. வெயில் இரண்டு நாற்காலி மேலும் விழுந்தது. நல்ல வெளிச்சம். கை தானாகப் பைக்குள் இருந்த போனைத் தேடியது. பிறகு டம்ளருக்கே திரும்பிவிட்டது.

"ராத்திரி போன் பண்ணுவா. இன்னிக்குக் கேட்டுடறேன்" என்றார் சபாபதி. கொஞ்ச நேரம் கழித்து, "அடிக்கடி வாங்கம்மா. சும்மா" என்றார்.

அன்று வீட்டுக்குத் திரும்பிய சௌந்தரவல்லி விளக்கைப் போட்டு வாசலிலேயே நின்றார். ஜன்னலோரம் அவருடைய நாற்காலி முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு கேஸ் போடுகிறவரைத் தவிர வேறு யாரும் உள்ளே வந்ததில்லை. அவர்கூட நின்றபடியே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். யாரும் வரவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். யாரையும் கூப்பிட்டதும் இல்லை.

தம்பி போன் செய்தான்.

"என்னக்கா, முடிவு பண்ணிட்டியா?"

"திங்கக்கிழமை சொல்றேன்டா."

சனிக்கிழமை ஜெசிந்தாவின் அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்தார். கைப்பை அதே நாற்காலியில் இருந்தது.

"எங்க உக்கார வெச்சாங்க?"

"உறையூர்ல பாயில, மாமியார் பக்கத்துல. நாற்காலில துணி உக்காந்திருக்கு மேடம்."

"பொன்மலைல?"

சௌந்தரவல்லி எல்லாவற்றையும் சொன்னார். ஜெசிந்தா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"படம் எடுத்தீங்களா?"

"நீங்கதான் வேண்டாம்னீங்களே."

"எடுக்கணும்னு தோணுச்சா?"

"தோணுச்சு. ஆனா அந்த வயர் நாற்காலி பழசு, படத்துக்கு ஆகாது. அதை ஓரமா நகர்த்தணும்னா அவரை எழுந்திரிக்கச் சொல்லணும். மனசு வரல."

ஜெசிந்தா இழுப்பறையைத் திறந்து ஆல்பத்தை எடுத்துக் கொடுத்தார். சௌந்தரவல்லி சபாபதியின் வீடு இருந்த பக்கங்களைத் தேடி உருவினார். பிறகு உறையூர்ப் பக்கங்களையும். கம்ப்யூட்டரில் வரைந்த வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதையும் உருவிவிட்டார். ஆல்பத்தில் அட்டை மட்டும் மிஞ்சியது.

"இப்ப என்கிட்ட காட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல மேடம்."

"முதல் பக்கத்துல என்ன வைக்கப் போறீங்க?"

"தெரியல. நீங்க சொல்லுங்க."

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே. உங்க வீட்டுக்கு வரட்டுமா அக்கா? டீ குடுப்பீங்களா?"

"எங்க வீட்டுக்கா?"

"சும்மாதான்."

சௌந்தரவல்லியின் முகம் மலர்ந்தது. "வாங்க மேடம், கண்டிப்பா வாங்க. டீ என்ன, பஜ்ஜியே போடறேன்" என்று படபடவென்று சொன்னார். பிறகு திடீரென்று பேச்சு நின்றது.

"என்ன அக்கா?"

"எங்க வீட்ல ஒரு நாற்காலிதான் மேடம் இருக்கு."

ஜெசிந்தா எழுந்தார். இரண்டாவது மேசைக்குப் போய் நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினார். நாற்காலியைத் தூக்கிவந்து சௌந்தரவல்லி முன்னால் வைத்தார்.

"இதை ஆட்டோல எடுத்துட்டுப் போங்க" என்றார். "திங்கக்கிழமை காலைல மறக்காமக் கொண்டு வந்துடுங்க. உங்க மேசைக்கு வேற நாற்காலி இங்க இல்ல."